எழுபதும் அறுபத்தாறும்

துறைமுகத்தில் என்னை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் அடியைச் சுரண்டும் ஆட்கள், வெல்டிங்காரர்கள், சுங்க அலுவலகத்து வழுக்கைத் தலைக்காரர் உட்பட. வழுக்கைத் தலைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், அவருக்கும் நான் அக்காதான். பழகிப்போய்விட்டது. ரெட்டை பாட்டில்காரர் ஒருவர் மட்டும் என்னை ஒருநாளும் அக்கா என்று சொன்னதில்லை. தங்கச்சி என்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வால்வை மூடி, வேறு கடை பாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். "இந்தாங்க" என்பார். "இருக்கீங்களா" என்பார். அதற்கு மேல் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டார்.

என் தம்பி அவரை வாய் நிறைய அண்ணே, அண்ணே என்பான். தனக்கு அண்ணன் என்றால் கூடப் பிறந்தவளுக்கு அவர் என்ன முறை ஆகிறார் என்று அந்த மடையன் யோசித்ததே இல்லை. நான் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேஜைப் பார்ப்பேன்.

கேஜ் என்றால் அழுத்தம் காட்டும் முள். தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் டைவர்களுக்குப் பாட்டிலில் சுவாசக் காற்று நிரப்பிக் கொடுப்பது எங்கள் தொழில். அப்பா தொடங்கிய கடை. கணக்கு வழக்கு, ஆட்களோடு சண்டை எல்லாம் தம்பி, நிரப்புவது நான். கொஞ்ச ஆழத்துக்குச் சாதாரணக் காற்று போதும். ரொம்ப ஆழம் போனால் அதே காற்று ஆளைக் குடித்தவன் மாதிரி ஆக்கிவிடும்; முடிச்சு போடப் போனவன் அவிழ்த்துவிட்டு வருவான். அதற்காக ஹீலியம் கலக்கிறோம். ரெட்டை பாட்டில்காரர் அப்படி ஆழம் போகிறவர். முதுகில் ஜோடியாக இரண்டு பாட்டில் கட்டிக்கொண்டு இறங்குவதால் அந்தப் பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தும் கோபித்துக்கொண்டதில்லை.

கலப்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. இருநூறு அழுத்தம் வரை நிரப்பும் பாட்டிலில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு ஹீலியம் வேண்டுமா? காலிப் பாட்டிலில் எழுபது வரை ஹீலியத்தை விடு. பிறகு கொஞ்சம் ஆக்சிஜன். மீதியைக் காற்றால் நிரப்பு. இருநூற்றில் எழுபது, முப்பத்தைந்து சதவீதம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான் அது. பாடப் புத்தகத்தில் நல்லியல்பு வாயு என்று ஒன்று வரும். அதன் துகள்களுக்கு உடம்பே கிடையாது, இடம் அடைக்காது. ஒன்றை ஒன்று இழுக்காது, தள்ளாது. எவ்வளவு நெருக்கினாலும் சொன்னபடி கேட்கும். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும். எனக்கும் ஒரு தரகர் அப்படி ஒருவரைச் சொன்னார், நானும் கட்டிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு.

நிஜ வாயு அப்படி இல்லை. கூட்டம் குறைவாக இருக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். நெருக்கினால்தான் குணம் தெரியும். ஒவ்வொரு துகளுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் சற்றுத் தள்ளியிருந்தால் ஒன்றை ஒன்று இழுக்கும். அளவுக்கு மீறி நெருக்கினால் முறுக்கிக்கொண்டு தள்ளும். ஹீலியத்துக்கு அந்த இழுப்பு இல்லை என்றே சொல்லலாம், ஆனால் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காது. அதனால் பாட்டில் நிறைய நிறைய, கடைசியில் போகும் காற்று முள் ஏறுகிற அளவுக்கு உள்ளே போவதில்லை. முள் இருநூறு என்று சத்தியம் செய்யும். உள்ளே காற்று அதைவிடக் குறைவாக இருக்கும். காற்று குறைந்தால் ஹீலியத்தின் பங்கு கூடிவிடும். முப்பத்தைந்து கேட்டவருக்கு முப்பத்தேழு கிடைக்கும்.

ஆகவே நாங்கள் எழுபதில் நிறுத்துவதில்லை, அறுபத்தாறிலேயே நிறுத்திவிடுவோம். இரண்டு சதவீதத்தில் யாரும் செத்துவிட மாட்டார்கள்தான். ஆனால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வர வேண்டும் என்று டைவர் போடும் கணக்கு முழுவதும் அந்தக் கலவையை நம்பித்தான் இருக்கிறது. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றால் நான் கடையை இழுத்து மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

காற்று நிரப்பும்போது கம்ப்ரஸர் ஓடும். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது; காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு கையால்தான் பேசுவோம். ஹீலியம் அப்படி இல்லை. பெரிய சிலிண்டரிலிருந்து சன்னமாக உஸ்ஸென்று இறங்கும். அவசரப்பட்டால் பாட்டில் சூடாகி முள் பொய் சொல்லும், அதனால் மெதுவாகத்தான் விட வேண்டும். அவருக்கு நான் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே விடுவேன். ஹீலியம் இறங்கும் நேரம்தான் நாங்கள் பேசும் நேரம்.

பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. கடலுக்கு அடியில் முக்கால்வாசி நேரம் ஒன்றுமே தெரியாது, கைதான் கண் என்பார். அங்கே இருக்கும்போது எதை நினைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "அடுத்த நட்டு எங்க இருக்குன்னு" என்றார். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று ஒருநாள் சொன்னார், அந்த அம்மாளுக்குத் தண்ணீர் என்றாலே பயமாம். சட்டையில் இரண்டாவது பட்டன் எப்போதும் வேறு நிறத்தில் இருக்கும். யாரும் பார்த்துச் சொல்லாத வீட்டிலிருந்து வருகிறவர் என்று அதிலேயே தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவாரோ என்று இருந்தது. எனக்கு அந்தப் பட்டனைப் பிடிக்கும்.

தம்பியின் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னக்கா, அந்த ரெட்டை பாட்டில் மட்டும் ரெண்டு மணி நேரமா நெறையுது?"

"ஹீலியம். மெதுவாத்தான் விடணும்."

"மத்தவங்களுக்கும் ஹீலியந்தானே போடுறீங்க?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

அவளுக்கு வேலை இருந்தது, சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் வரும் நாளில் சாப்பாட்டு டப்பா ஒன்று அதிகமாக வரும். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் அவர் பாட்டில் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. உள்நாட்டில், மலைக்கு நடுவே ஒரு பெரிய அணையாம். அடியில் இருக்கும் மதகுகளைப் பழுது பார்க்கும் ஒப்பந்தம், இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். அக்கம்பக்கத்தில் கேஸ் நிரப்பும் கடை என்று எதுவும் இல்லை. கம்பெனியே கம்ப்ரஸரும் ஹீலியம் சிலிண்டர்களும் அனுப்புகிறது. கலப்பதை இவரே செய்துகொள்ள வேண்டும்.

"கத்துக்கணும்" என்றார். "உங்ககிட்டதான்."

என்னிடம்தானா என்று தொண்டை வரை வந்தது. கற்றுக்கொண்டால் பிறகு என்னிடம் வர வேண்டிய அவசியமே இருக்காது என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை, அல்லது உறைத்தும் காட்டிக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நாளைக்கு வாங்க. பழைய சட்டை போட்டுக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவரிடம் புதுச் சட்டை என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். இணைப்புக் குழாயை எப்படித் துடைப்பது, எண்ணெய்ப் பிசுக்கு ஏன் ஆகாது, ஆக்சிஜனை ஏன் தாஜா செய்து விட வேண்டும், கலந்த பிறகு பாட்டிலை ஏன் படுக்கப்போட்டு உருட்ட வேண்டும், கடைசியில் அளவிடும் கருவியில் எப்படிச் சோதிப்பது. வாங்கிக்கொண்டார். ஒரு தடவை சொன்னதை மறுதடவை கேட்கவில்லை. நல்ல கைகள். இருட்டில் வேலை செய்து பழகிய கைகள், வால்வைப் பார்க்காமலே திருப்பின. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நான் சுலபக் கணக்கைச் சொன்னேன். இருநூற்றுக்கு முப்பத்தைந்து சதவீதம் என்றால் எழுபது.

"எழுபது" என்றார் அவரும். "அவ்வளவுதானா?"

அங்கேதான் நான் நின்றேன்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். அங்கே போய் எழுபதில் நிறுத்துவார். சோதித்தால் முப்பத்தேழு காட்டும். திரும்பக் கலப்பார், திரும்பவும் முப்பத்தேழு. அளக்காமல் இறங்கும் ஆள் இல்லை அவர், அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை. தலையைச் சொறிந்துகொண்டு எனக்குப் போன் செய்வார். போனில் புரியவில்லை என்பேன், நேரில் வாருங்கள் என்பேன். வருவார். இந்த ஸ்டூலில் உட்காருவார். நாலு முள் அளவுதானே, அதற்குள் ஒரு மனுஷரையே திரும்ப வரவழைக்கும் வழி இருந்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய் வறண்டுபோகும் அளவுக்கு ஆசையாக இருந்தது.

"இல்ல" என்றேன். "அது புத்தகத்துக் கணக்கு. நெஜத்துல அறுபத்தாறுல நிறுத்தணும்."

ஏன் என்று கேட்டார். துகளுக்கு உடம்பு இருக்கிறது, நெருக்கினால் இடம் கேட்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேறு அழுத்தம், வேறு கலவை என்றால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். பிறகு அவரையே ஒரு பாட்டில் கலக்கச் சொன்னேன். அறுபத்தாறில் நிறுத்தினார். ஆக்சிஜன் விட்டார், காற்றை நிரப்பினார். ஆறவிட்டு, உருட்டி, சோதித்தபோது முப்பத்தைந்து என்று சொல்லிவைத்தாற்போல் வந்தது. அந்த எண்ணைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. என் வாழ்க்கையில் சரியான அளவைப் பார்த்து நான் வெறுத்தது அன்று ஒருநாள்தான்.

கிளம்பும்போது வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பேச வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் தம்பி, "அண்ணே, அங்க குளிர் அதிகமாமே, ஸ்வெட்டர் எடுத்து வச்சீங்களா?" என்று மூக்கை நுழைத்தான். வைத்துவிட்டேன் என்றார். போய்விட்டார்.

அதன்பின் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எப்படி இருக்கும்? அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தேன். வேறு எவராவது கற்றுக்கொடுத்திருந்தால் வாரத்துக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

கடை எப்போதும் போல நடந்தது. பாட்டில்கள் வந்தன, போயின. அக்கா, அக்கா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஹீலியம் விடும்போது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த உஸ்ஸென்ற சத்தத்துக்கு மேல் ஒரு குரல் வர வேண்டும் என்று காது தானாகக் காத்துக்கொண்டிருக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது நிம்மதி. அப்போது யார் குரலும் கேட்காது என்பதால் அவர் குரல் கேட்காததும் தெரியாது. தேவையில்லாத நேரத்திலும் அதை ஓடவிட ஆரம்பித்தேன். கரண்டு பில்லைப் பார்த்துத் தம்பி கத்தினான்.

போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன சொல்லிச் செய்வது? இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்க நான் யார்? காரணம் இல்லாமல் போன் செய்கிற வயதும் இல்லை, அந்த உறவும் இல்லை. ஒருநாள் மணி அடிக்கும் வரை விட்டுவிட்டு, அடித்தவுடன் கொள்ளி பட்டது போல் துண்டித்தேன். திரும்ப அவர் கூப்பிடவும் இல்லை. மலைக்கு நடுவே டவர் கிடைத்திருக்காது என்று அவருக்காக நானே வாதாடிக்கொண்டேன்.

தம்பி மனைவி இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் ஒரு நண்பகல். சுரண்டும் ஆள் ஒருவன் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான், தம்பி அவனிடம் பழைய பாக்கியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. பெயரைப் பார்த்தேன். கை ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை துடைத்துவிட்டு எடுத்தேன்.

"இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்."

"ஒரு சந்தேகம். கலவை சரியா வரல."

குரலைக் கடைக்காரியின் குரலாக வைத்துக்கொண்டேன். "எவ்வளவு கேட்டீங்க, எவ்வளவு வருது?"

"முப்பத்தஞ்சு போட்டேன். முப்பத்தேழு காட்டுது."

வால்வு கசிந்தால் வேறு எண் வரும். சூடாக இருக்கும்போதே முள்ளைப் படித்திருந்தால் வேறு எண் வரும். சரியாக உருட்டவில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். நேராக முப்பத்தேழு வருவதற்கு நேரான வழி ஒன்றுதான்.

"ஹீலியத்த எங்க நிறுத்தினீங்க?"

"எழுபதுல."

"அறுபத்தாறுன்னு சொல்லிக்கொடுத்தேனே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னவோ தெரியவில்லை, சந்தோஷம் வர வேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். "ஹீலியம் என்ன சும்மா கெடைக்குதா? தெரிஞ்சே ஒரு பாட்டில வீணாக்கி வச்சிருக்கீங்க" என்று ஒரு பிடி பிடித்தேன். தம்பி திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு பாட்டில்" என்றார். "எப்பவும் ஜோடியாத்தான் நெரப்புவேன்."

"எதுக்கு?"

"இத்தனை மாசமா ஒவ்வொரு தடவையும் சரியாவே வந்துச்சு. சரியா வந்துக்கிட்டே இருந்தா நான் என்னன்னு சொல்லி உங்ககிட்ட பேசுறது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்கக்கூடியதாக இல்லை அது. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது ஏதாவது கடைக்காரி மாதிரி சொல்லிவைத்தால் அவர் சரி என்று போனை வைத்துவிடுவார், நான் மறுபடியும் கம்ப்ரஸரை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயதாகும்வரை.

"அன்னிக்கு அந்த அறுபத்தாற உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"ஏன்?"

"சொல்லலன்னா திரும்பி வருவீங்கன்னு."

அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தம்பி முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தான். சுரண்டும் ஆள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கட்டும் என்று இருந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் அவர்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை, அப்படியே விட்டேன். "அக்கா, என் பாட்டில்?" என்றான் சுரண்டும் ஆள். தம்பி அவன் தோளைப் பிடித்து, "நாளைக்கு வாப்பா" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனான். மடையன் என்று சொன்னேன் அல்லவா, அவ்வளவு மடையனும் இல்லை.

"அந்த ரெண்டு பாட்டிலையும் திறந்து விட்டுடாதீங்க" என்றேன். "அப்படியே வைங்க. நான் வந்து பாக்குறேன்."

"இங்கயா?"

"பின்ன எங்க? எந்த பஸ் ஏறணும்?"

அவர் சொன்னார். பெரிய ஊர் வரை இரவு பஸ், அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஒரு சின்ன பஸ், அதற்கு மேல் கம்பெனி லாரி வரும், அணை வாசலில் தானே வந்து நிற்பதாகச் சொன்னார். எங்கே டீ குடிக்கலாம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பதையும் சொன்னார். முதல் தடவையே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.